போர் முடிவில் குடிமக்களுக்குப் பங்கில்லையா?

எண்ணூரில் ஓர் அனல் மின்நிலையம் அமைக்க வேண்டுமானாலும், காட்டுப்பள்ளியில் ஒரு துறைமுகத்தை விரிக்க வேண்டுமானாலும், அவ்வூர் மக்களைக் கூட்டிவைத்து அவர்தம் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று இந்திய அரசின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை கூறுகின்றது. கேட்கும் முறை குறையுடையதாக இருக்கலாம். கேட்டபின் அக் கருத்தை ஆளுவோர் குப்பையிற் போடலாம். ஆயினும், ‘கேட்க வேண்டும்’ என்னும் கடப்பாடு ஏட்டளவிலேனும் இருக்கின்றது. ஆனால், அதே கடற்கரையிலிருந்து அயல்நாட்டின் மீது படைக்கப்பல் செல்ல வேண்டுமானால், அதற்கென எண்ணூரானையும் கேட்க வேண்டுவதில்லை. இராயபுரத்தானையும் கேட்க வேண்டுவதில்லை. அவர்கள் தேர்ந்து விடுத்த நாடாளுமன்ற உறுப்பினரைக் கூடக் கேட்க வேண்டுவதில்லை. சாம்பல் கொட்டுவதற்கு மக்கள் கருத்து வேண்டும். குருதி கொட்டுவதற்கு வேண்டா! இஃது எந்த முறை?

போர் தொடுக்கும் முடிவை எடுப்போர் ஒரு மேசையைச் சுற்றி அமரும் சிலர். அம் முடிவுக்கு விலை கொடுப்போர் கோடிக்கணக்கானோர். வரியாகக் கொடுப்பவன் குடிமகன். விலையேற்றமாகக் கொடுப்பவள் அடுப்படியில் நிற்கும் தாய். உயிராகக் கொடுப்பவன் அவள் பெற்ற மகன். விலை கொடுப்பவனைக் கேளாமல் பேரம் முடிப்பது வாணிகத்தில் ஏமாற்று எனப்படும். அரசியலில் மட்டும் அதற்கு ‘நாட்டு நலன்’ என்று பெயர் சூட்டிவிட்டால் போதுமா? இக் கேள்வியைத் தமிழ் மக்கள், சிறப்பாக வடசென்னை மக்கள், எழுப்பியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடசென்னை கண்ட போர்கள்

வடசென்னை மக்களுக்கு இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இராயபுரத்தின் அருகே துறைமுகம். மணலியில் எண்ணெய்த் தூய்மைப்பாலை. எண்ணூரில் மற்றுமொரு துறைமுகமும் அனல் மின்நிலையங்களும். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம். போர் மூண்டால் எதிரியின் குறி முதலில் எங்கே விழும் என்பதற்குப் படைநூல் கற்க வேண்டுவதில்லை. இவ்வூர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே போதும்.

போருக்கு வேண்டியவற்றைச் செய்து கொடுத்ததும் இம் மண்ணே. பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கருநாடக ஆலைகளில் நெய்த காக்கித் துணி படைவீரரின் உடையாயிற்று. 1950களில் திருவொற்றியூரில் புல்லட்டு உந்துவண்டித் தொழிற்சாலை எழுந்தமைக்குப் படைக்கென இந்திய அரசு கேட்ட வண்டிகளே கால்கோள். எண்ணூர் அசோக்கு இலேலண்டு நிறுவனத்தின் பெயர் பொறித்த சுமையுந்துகள் இன்றும் படையின் சுமையைத் தாங்கி ஓடுகின்றன. துணியும் வண்டியும் தொழிலாளியின் கையால் ஆக வேண்டும். போர் வேண்டுமா என்னும் முடிவு மட்டும் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டுமாம்!

1914 ஆகத்துத் திங்களில் இங்கிலாந்து செருமனியின் மீது போர் அறிவித்தது. அறிவித்த அன்றே இந்தியத் துணைக்கண்டமும் போரில் மாட்டிக்கொண்டது. செருமானியன் நமக்கு என்ன தீங்கு செய்தான் என்று நம்மை எவரும் கேட்கவில்லை. ஏழு கிழமைகள் கழிந்தன. செபுதம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைக் கரையை நெருங்கி, 100-க்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. துறைமுகத்தை அடுத்திருந்த பருமா எண்ணெய்க் குழுமத்தின் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்தன, சிலர் மாண்டனர், அஞ்சிய மக்கள் நகரை விட்டு வெளியேறினர். வேந்தர் இருவர்க்கிடையே எழுந்த பூசலில் தீப்பட்டது நம் கூரை. நமக்கு அப் போர் விட்டுச்சென்றது, திறமும் சூழ்ச்சியும் மிக்கவனை ‘எம்டன்’ என்று அழைக்கும் ஒரு வழக்குச் சொல். அப் போரில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஏறத்தாழ 13 இலக்கம் பேர் இட்டுச்செல்லப்பட்டனர். 70,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1939 செபுதம்பர் 3 அன்று அரசப் பேராளர் இலின்லித்கோ, இந்தியா போரில் இருக்கின்றது என்று அறிவித்தார். நடுவண் சட்ட அவையைக் கேட்கவில்லை. தேர்தலில் வென்று மாநிலங்களை ஆண்டுகொண்டிருந்த அமைச்சரவைகளையும் கேட்கவில்லை. தம்மைக் கேளாமையைச் சுட்டியே பேராயக் கட்சியின் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் இராசகோபாலாச்சாரியின் அமைச்சரவை அக்குதோபர் இறுதியில் விலகியது. 1942 ஏப்பிரலில் சப்பானிய வானூர்திகள் கொழும்பையும் திருக்கோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கிய உடனே, சென்னை மக்களை நகரைவிட்டு வெளியேறுமாறு அரசு கூறியது; பணிமனைகள் உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றன; விலங்குக் காட்சிச்சாலையின் கொடுவிலங்குகளும் சுட்டுக் கொல்லப்பட்டன. 1943 அக்குதோபரில் சப்பானிய வானூர்தி ஒன்று சென்னையின்மீது குண்டும் வீசிச் சென்றது.

இங்கே ஓர் உண்மையைத் தமிழர் ஊன்றி நோக்க வேண்டும். ‘எம்மைக் கேளாமல் எப்படி எம்மைப் போரில் இழுத்தாய்?’ என்று 1939இல் வெள்ளையனைக் கேட்டவர்கள், ஆட்சி தம் கைக்கு வந்ததும் எழுதிக்கொண்ட அரசியலமைப்பில் அக் கேள்விக்கு விடை எழுதவில்லை. இலின்லித்கோ அமர்ந்திருந்த இருக்கையில் ஆள்தான் மாறினார். இருக்கையின் வலிமை மாறவில்லை.

நம் துறையும் ஈழப் போரும்

அவ் வலிமை என்ன செய்யும் என்பதை 1987 காட்டியது. அவ்வாண்டு சூலை 29 அன்று இந்தியத் தலைமை அமைச்சர் இராசீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் செயவர்த்தனாவும் கொழும்பில் உடன்பாடொன்றில் கையொப்பமிட்டனர். மறுநாளே இந்தியப் படை யாழ்ப்பாண மண்ணில் இறங்கத் தொடங்கியது. படையை அனுப்பலாமா என்று நாடாளுமன்றத்தில் ஒப்புதல் வாக்கு எடுக்கப்படவில்லை. ஈழ மக்களின் உறவினராகிய தமிழ்நாட்டு மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. எவர்தம் மண்ணில் படை இறங்கியதோ, அந்த ஈழ மக்களும் கேட்கப்படவில்லை.

அன்று தமிழ்நாட்டில் வாக்கெடுத்திருந்தால் மக்கள் என்ன சொல்லியிருப்பர்? ‘காக்கச் செல்லும் படை செல்லட்டும்’ என்றே பலர் சொல்லியிருக்கக் கூடும். சிங்களப் படையின் முற்றுகையில் வாடிய உடன்பிறப்புகளுக்கு உதவி கிட்டும் என நம்பியவர் பலர். ஆனால், பத்துக் கிழமைகளுக்குள் நிலை மாறியது. அக்குதோபர் இரண்டாம் கிழமையில் ‘அமைதி காக்கும் படை’ போர்ப் படையாயிற்று. அக்குதோபர் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையின் சூட்டில் மருத்துவரும் செவிலியரும் நோயாளருமாக 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ‘காக்கச் செல்க’ என்பதற்கு ஒப்பியவர்கள் இதற்கும் ஒப்பியிருப்பரா? அந்த இரண்டாம் கேள்வி எவர்க்கும் விடுக்கப்படவே இல்லை. எனவே, போருக்குத் தரும் ஒப்புதல் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடும் அடிமை முறி அன்று. போரின் நோக்கம் மாறும்போதெல்லாம் மீண்டும் பெறப்பட வேண்டியது என்பதே 1987 புகட்டும் பாடம்.

இந்தியப் படையிலும் 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களும் ஏழைத் தாயர் பெற்ற மக்களே. சென்னைப் படையணியின் தமிழ் வீரர்களும் அங்கு நிறுத்தப்பட்டிருந்தனர். தம் மொழி பேசும் மக்கள்மீது துமுக்கி நீட்டும் நிலை அவர்களுக்கு நேர்ந்தது. அவர்களையும் எவரும் கேட்கவில்லை. 1990 மார்ச்சுத் திங்களில் எஞ்சிய படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, அதனை வரவேற்க அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. தமிழ் மக்களிடம் ஏற்கெனவே கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு, இரண்டரை ஆண்டுகள் கழிந்து, வெற்றிடமாகிய ஓர் இருக்கை விடை சொன்னது. விடை வந்த காலத்தில் மாண்டோர் மாண்டிருந்தனர்.

அவ் உடன்பாட்டிலேயே ஒரு வாக்கெடுப்பும் எழுதப்பட்டிருந்தது என்பதைப் பலர் மறந்திருப்பர். வடக்கோடு இணைந்திருப்பதா, பிரிவதா என்று கிழக்கு மாகாண மக்களிடம் 1988 திசம்பர் 31-க்குள் கேட்க வேண்டும் என்பது அதன் விதி. அது தள்ளிவைக்கப்பட்டது, மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது, கடைசிவரை நடைபெறவே இல்லை. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவ்விணைப்பு செல்லாது என்றது. 2007 தொடக்கத்தில் மாகாணங்கள் பிரிக்கப்பட்டன. படையை அனுப்பும் விதி மறுநாளே நிறைவேறியது. மக்களைக் கேட்கும் விதி இன்றுவரை நிறைவேறவில்லை! கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் உள்ள ஏதிலியர் குடியிருப்புகளில் வாழும் ஈழத் தமிழரைக் கேளுங்கள். கேளாமல் எடுத்த முடிவுகளின் கணக்கை அவர்கள் சொல்லுவர்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ‘போரும் அமைதியும்’ நடுவணரசின் பட்டியலில் 15ஆம் உருப்படியாக வைக்கப்பட்டுள்ளது. படைகளின் மீயுயர் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கின்றது என்றும், அது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் என்றும் 53ஆம் பிரிவு கூறுகின்றது. குடியரசுத் தலைவரோ அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர். எனவே முடிவு அமைச்சரவையினுடையது. படை எல்லை கடக்கு முன் நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

இதில் ஒரு பெரும் முரணையும் காண்க. போரைக் கரணியமாகக் காட்டி நெருக்கடிநிலை அறிவித்தால், 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தின்படி, ஒரு திங்களுக்குள் ஈரவைகளும் அதனைத் தனிப் பெரும்பான்மையோடு ஏற்க வேண்டும். இல்லையேல் அவ்வறிவிப்பு சாகும். நெருக்கடிநிலை தந்த துன்பத்தை 1975இல் தாமே பட்டறிந்த கட்சிகள் அப் பூட்டைப் போட்டன. போரால் வரும் நெருக்கடிக்குப் பூட்டு உண்டு. போருக்கே பூட்டு இல்லை!

நடைமுறையும் ஆள்வோரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்துவந்துள்ளது. 1962இல் சீனப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, நவம்பர் 8 அன்று நாடாளுமன்றம் முன்கூட்டியே கூட்டப்பட்டு, உறுப்பினர் பலர் அரசின் பிழைகளை வெளிப்படையாகப் பேசினர். அதனால் நாடு கெட்டுவிடவில்லை. 1999இல் கார்கில் போர் நடந்தபோது மக்களவை கலைந்து கிடந்தது. மாநிலங்களவையைக் கூட்டுமாறு எழுந்த வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை. 2025 மே 7 முதல் 10 வரை பாக்கித்தானோடு நடந்த மோதலின்போது, சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடத்தப்பட்டது. மோதல் பற்றி நாடாளுமன்றம் பேசியது சூலை இறுதியில். ஒத்திகைக்கு வடசென்னை முதலிலேயே வேண்டும். பேச்சுக்கு அதன் பேராளர் இரண்டரைத் திங்கள் காத்திருக்க வேண்டும்!

போர் எப்பொழுதும் முரசறைந்து கொண்டு வருவதில்லை; சிறுசிறு இணக்கங்களாகவும் வரும். 1991 சனவரியில் ஈராக்குப் போரில் ஈடுபட்ட அமெரிக்கப் படை வானூர்திகள் இந்திய வானூர்தி நிலையங்களில் எரிநெய் நிரப்பிக்கொண்டன. எதிர்ப்பெழுந்த பின்னரே அது நின்றது. 2022 ஆகத்தில் அமெரிக்கக் கடற்படையைச் சார்ந்த சார்லசு துரூ என்னும் கப்பல் பழுதுபார்ப்பதற்காகக் காட்டுப்பள்ளிக்கு வந்தது. பழுதுபார்ப்பது போரன்று, அதனால் சிலர்க்கு வேலையும் கிடைக்கும். ஆயினும், நாளை அந்நாடு வேறொரு நாட்டோடு போரிட்டால், அதன் கப்பலைச் செப்பனிடும் நம் கரையை அவ் வேற்று நாடு எவ்வாறு நோக்கும்? இதனை எண்ணிப் பார்க்கும் உரிமை அக் கரையில் வாழ்வோர்க்கு இல்லையா?

எதிருரைகளும் விடைகளும்

குடிமக்கள் வாக்கு என்றதும் எழும் எதிருரைகள் நான்கு. அவற்றை ஒதுக்காமல் ஆராய்வோம்.

‘எதிரி வாயிலில் நிற்கும்போது வாக்குச்சீட்டு அச்சிட்டுக் கொண்டிருப்பதா?’ என்பது முதலாவது. கூடாது. நம் மண்ணின்மீது படையெடுத்து வருபவனைத் தடுக்க எவரையும் கேட்க வேண்டுவதில்லை. வீட்டில் புகும் கள்வனைத் தடுக்க ஊர்க்கூட்டம் வேண்டா. ஆனால், நாம் பிறர் மண்ணுக்குச் செல்லும் போர் அத்தகையதன்று. அது நாள் பார்த்து, ஆள் சேர்த்து, கப்பல் திரட்டிச் செய்யப்படுவது. 1971இல் கிழக்கு வங்கத்தில் மார்ச்சு இறுதியில் கொடுமை தொடங்கியது. முழுப் போர் மூண்டது திசம்பர் 3 அன்று. இடையில் எட்டுத் திங்கள்! ஏறத்தாழ ஒரு கோடி ஏதிலியர்க்குச் சோறிட்ட மக்கள், அறப்போர் ஒன்றுக்கு ஒப்புதல் தர மறுத்திருப்பரா? கேட்டுப் பெற்றிருந்தால் அப் போரின் பெருமை இன்னும் உயர்ந்திருக்குமேயன்றித் தாழ்ந்திராது.

‘பொதுமக்களுக்கு இதெல்லாம் விளங்காது, மறைபொருள்களை அவர்களிடம் சொல்லவும் முடியாது’ என்பது இரண்டாவது. எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனைப் பீரங்கி என்பது படைத்தலைவர் அறிய வேண்டிய மறை. ஏன் போர், எவர்க்காகப் போர், எப்பொழுது முடியும் என்பன மறையல்ல. அவற்றையும் மறைப்பவன் குடிமக்களிடமிருந்தே மறைக்கிறான். அறிந்தோரின் அறிவு எத்தகையது என்பதையும் உலகம் கண்டிருக்கின்றது. 2003 பிப்பிரவரியில் இலண்டன் தெருக்களில் பெருந்திரளான எளிய மக்கள் ஈராக்குப் போர் வேண்டா என்று நடந்தனர். மார்ச்சு 18 அன்று பிரித்தானிய நாடாளுமன்றத்தின் ‘அறிந்தோர்’ 412 பேர் வேண்டும் என்று வாக்களித்தனர். 149 பேரே மறுத்தனர். போருக்குக் கரணியமாகக் காட்டப்பட்ட பேரழிவுப் படைக்கலங்கள் பின்னர்க் கிடைக்கவே இல்லை. எவர்க்கு விளங்கியது? தெருவில் நடந்தவர்க்கா, அவையில் அமர்ந்தவர்க்கா?

‘உலகில் எங்கும் நடவாதது இது’ என்பது மூன்றாவது. முற்றும் நடந்ததில்லை, ஆனால் அதன் வாயில்வரை சென்றிருக்கின்றனர். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து உறுப்பினர் உலூயி உலட்லோ, நாடு தாக்கப்பட்டாலன்றி, மக்கள் வாக்கு இன்றிப் போர் அறிவித்தல் கூடாது என்று அரசியலமைப்பைத் திருத்த முனைந்தார். குடியரசுத் தலைவர் உரூசுவெல்த்து முனைந்து எதிர்த்தும், 1938 சனவரி 10 அன்று அதனை அவையின் ஆய்வுக்கு எடுப்பதற்கு 188 பேர் வாக்களித்தனர். எதிர்த்தோர் 209 பேர். வேறுபாடு 21 வாக்குகளே! ஆத்திரேலியாவிலோ, முதல் உலகப் போரின் நடுவே, கட்டாயப் படைச்சேர்ப்பு வேண்டுமா என்று 1916 அக்குதோபர் 28 அன்று மக்களையே கேட்டனர். போர்முனையில் நின்ற வீரரும் வாக்களித்தனர். ஏறத்தாழ 72,000 வாக்கு வேறுபாட்டில் மக்கள் மறுத்தனர். 1917 திசம்பரில் மீண்டும் கேட்டனர். மக்கள் மேலும் கூடுதலான வேறுபாட்டில் மறுத்தனர். அது போரைப் பற்றிய வாக்கன்று, படைச்சேர்ப்பைப் பற்றிய வாக்கே; ஆயினும் போர்க்காலத்தில் மக்களைக் கேட்டால் நாடு சிதறும் என்பது பொய் என்று அது காட்டிற்று. இந்திய அரசே சூனாகத்தில் 1948இலும், கோவாவில் 1967இலும், சிக்கிமில் 1975இலும் மக்கள் வாக்கெடுத்திருக்கின்றது. தனக்கு வேண்டுமிடத்தில் எடுக்க முடிந்தது, மக்களுக்கு வேண்டுமிடத்தில் முடியாது என்பது எப்படி? சிக்கிமில் அரண்மனைக் காவலரைப் படை நிராயுதராக்கிய ஐந்தாம் நாளே வாக்கெடுத்தனர் என்பதையும் மறவோம். படை நுழைந்தபின் எடுக்கும் வாக்கு ஒப்புதல் ஆகாது. வாக்கு முன்னே, படை பின்னே என்பதே முறை.

நான்காவது எதிருரையே வலிமை மிக்கது. தமிழர் அஞ்ச வேண்டியதும் அதுவே. ‘பெரும்பான்மையினர் போர்வெறி கொண்டு வாக்களித்துவிட்டால்?’ மக்களவையின் 543 இடங்களில் தமிழ்நாட்டுக்கு 39. தமிழர் அனைவரும் வேண்டா என்றாலும், ஏனையோர் வேண்டும் என்றால் போர் வரும்; அதுவும் ‘மக்கள் ஆணை’ என்னும் முத்திரையோடு வரும். வாக்கெடுப்பைச் சூழ்ச்சியாளன் எவ்வாறு கையாளுவான் என்பதற்கு இலங்கையே சான்று. 1982 திசம்பர் 22 அன்று, பொதுத்தேர்தலைத் தவிர்க்க விரும்பிய செயவர்த்தனா, நாடாளுமன்றத்தின் காலத்தை நீட்டிக்கலாமா என்று மக்கள் வாக்கெடுத்தார். யாழ்ப்பாண மக்கள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மறுத்தனர். தீவு முழுவதும் எண்ணியபோது 54 விழுக்காட்டினர் ஏற்றனர் என்று அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் மறுப்பு கடலிற் கரைத்த உப்பாயிற்று. அடுத்த ஏழாந்திங்கள் 1983 சூலைப் படுகொலை.

ஆகவே, தலைகளை எண்ணும் வாக்கு மட்டும் தமிழரைக் காவாது. இதற்கு மருந்து, வாக்கையே மறுப்பதன்று. வாக்கை இருமடி ஆக்குவதே. சுவிட்சர்லாந்தில் அரசியலமைப்பை மாற்ற மக்களின் பெரும்பான்மை மட்டும் போதாது. மாநிலங்களின் பெரும்பான்மையும் வேண்டும். பல மொழியினமும் வாழும் ஒரு நாட்டில் போர் என்பது அரசியலமைப்பைவிடச் சிறிய செய்தியா? பல இனத்தார் வாழும் நாட்டில் ஓரினத்தின் உறவினர்மேல் படை செல்லும்போது, அவ்வினத்தின் சொல்லுக்குத் தனி எடை இருந்தே ஆக வேண்டும்.

நாம் கேட்பவை

நாம் கேட்பவற்றை வரையறுத்துச் சொல்கிறோம்.

ஒன்று: நாடு தாக்கப்பட்டால் தடுத்துக் காக்கும் உரிமை அரசுக்கு உண்டு, ஆயினும் உடனே நாடாளுமன்றம் கூடி, நடந்ததை அறிந்து, மேற்செல்லலை முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு: அமைதி காப்பது என்றாலும், நட்புநாட்டுக்கு உதவுவது என்றாலும், எப்பெயரிலும் படை எல்லை கடக்குமுன் ஈரவைகளும் பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும். எந்த உறுப்பினர் எவ்வாறு வாக்களித்தார் என்பதை அவர்தம் தொகுதி அறிய வேண்டும். 2013 ஆகத்து 29 அன்று சிரியாமீது படை செலுத்தும் முன்மொழிவைப் பிரித்தானிய நாடாளுமன்றம் 285-க்கு 272 என்று தள்ளியது, அரசும் பணிந்தது. அங்கு இயன்றது இங்கும் இயலும்.

மூன்று: ஆறு திங்களுக்கு மேல் படை அயல்மண்ணில் நிற்க வேண்டுமானாலும், சென்ற நோக்கம் மாறினாலும், மக்கள் வாக்கெடுக்க வேண்டும், வாக்காளரின் பெரும்பான்மையும் மாநிலங்களின் பெரும்பான்மையும் இருந்தாலன்றிப் படை திரும்ப வேண்டும். 2024 பொதுத்தேர்தலில் 64 கோடிப் பேரின் வாக்கை ஆறே கிழமையில் வாங்கிய நாட்டுக்கு இஃது இயலாத வினையன்று.

நான்கு: எம்மாநிலத்து மக்களின் உறவினர் வாழும் மண்ணுக்குப் படை செல்கிறதோ, எம்மாநிலத்துக் கரையிலிருந்து செல்கிறதோ, அம்மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். 2013 மார்ச்சு 27 அன்று ஈழத் தமிழரிடம் வாக்கெடுப்பு நடத்துமாறு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. ஈழ மக்களைக் கேட்க வேண்டும் என்று சொன்ன அதே அவை, தன்னையும் கேட்க வேண்டும் என்று சொல்லத் தயங்குவானேன்?

இவை தமிழ் மரபுக்குப் புதியன அல்ல. போரைப் போற்றியவர் நம் முன்னோர். அதே நேரத்தில் போர் தகுமா என்று வேந்தனை நேர்நின்று கேட்டவரும் அவரே. உறையூரை நலங்கிள்ளி முற்றியிருக்க, நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டிருந்தபோது, கோவூர்கிழார் இருவர்க்குமிடையே சென்று, இருவருமே சோழர், எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்று இடித்துரைத்தார். அன்று முடியாட்சி, ஆதலின் கேட்டவர் ஒரு புலவர். இன்று குடியாட்சி என்கின்றனர். அப்படியானால் கேட்க வேண்டியவர் குடிகள் அனைவருமே.

தமிழ்த் தோழர்களே! துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளரே! காசிமேட்டிலும் எண்ணூரிலும் வலை வீசும் மீனவரே! மணலியிலும் திருவொற்றியூரிலும் பொறிகளோடு போராடுவோரே! வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருபவரிடம் குடிநீரைக் கேளுங்கள், சாலையைக் கேளுங்கள். அவற்றோடு இதனையும் கேளுங்கள்: ‘எம்மைக் கேளாமல் எம் துறையிலிருந்து படை செல்லாதவாறு சட்டம் கொணர்வாயா?’ தொழிற்சங்கக் கூட்டங்களில் இதனைத் தீர்மானமாக்குங்கள். மீனவர் ஊரவைகளில் பேசுங்கள். மாணவர் மன்றங்களில் சொற்போர் நடத்துங்கள். சட்டம் ஒரே நாளில் வாராது. ஆனால், கேளாதவர்க்கு ஒருநாளும் வாராது.

அடுத்த போரின் குண்டு எங்கு விழும் என்பதை ஆளுவோர் அறிவர், நாமும் அறிவோம். அது விழும் மண்ணில் குடியிருப்பவனுக்கு, அதனை வரவேண்டா என்று சொல்லவும் வாய் வேண்டும். அந்த வாயைச் சட்டத்தால் பெறும்வரை, தமிழன் தன் நாட்டில் குடிமகன் அல்லன், குடியிருப்பவனே.